சின்னப் பல்லிக்கு எந்தப் பெட்டி? டெல்டா வீட்டுக்கு ஒத்து வருவது எது?

போன மாதம் மன்னார்குடியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, கெக்கோ ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பெட்டி மட்டும் எதுன்னு சொல்லுங்க" என்றான். அதற்குள் ஏழெட்டு வீடியோ பார்த்து முடித்திருந்தான். கண்ணாடித் தொட்டி வேண்டாம், சூடு நிற்காது என்று ஒருவர் சொன்னாராம். மரப்பெட்டிதான் சிறந்தது, சூட்டைப் பிடித்து வைக்கும் என்று இன்னொருவர். மேல்மூடி முழுக்க வலையாக இருந்தால் பாதியைப் பலகை வைத்து அடைத்துவிடுங்கள் என்று வேறொருவர்.

அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் குளிர் நாட்டில் இருந்துகொண்டு பேசுகிறார்கள். அங்கே அறைக்குள் 18, 20 டிகிரி இருக்கும், ஹீட்டர் ஓடி ஓடிக் காற்றும் காய்ந்து கிடக்கும். பெட்டிக்குள் சூட்டை நிறுத்துவதே அவர்களுடைய கவலை. நம் ஊர்க் கணக்கு நேர் எதிர். மே மாதப் பிற்பகலில் என் வீட்டுக் கூடத்தில் 34, 35 டிகிரி வரை போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் துவைத்த துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. அதனால் டெல்டாவில் பெட்டி தேர்ந்தெடுக்க நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். உள்ளே சேரும் சூட்டையும் ஈரத்தையும் அது எவ்வளவு சுலபமாக வெளியே விடுகிறது? விலை, அழகு, பல்லியைப் பார்க்கும் வசதி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பெட்டிக்கு முன்னால் பல்லியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். எந்தப் பல்லி என்று முடிவாகாமல் பெட்டி முடிவாகாது.

வளர்ப்பவர்களிடம் அதிகம் இருப்பது லெப்பர்ட் கெக்கோ, அதாவது சிறுத்தைப் பல்லி. வால் சேர்த்து 18 முதல் 25 சென்டிமீட்டர் வரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருஷம் இருக்கும். நம் வீட்டுச் சுவர்ப்பல்லியைப் போல் அதன் விரலில் ஒட்டும் திண்டு கிடையாது, வழவழப்பான கண்ணாடியில் ஏறாது. கண்ணுக்கு இமை உண்டு, மூடித் திறக்கும். பிறப்பிடம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துப் பாறை நிலம். பெட்டியின் ஒரு பக்கம் தரை 32 டிகிரி, மறு பக்கம் 24 முதல் 27 வரை, காற்றில் ஈரப்பதம் 30, 40 சதவீதம், தோலுரிக்க ஈரமான மறைவிடம் ஒன்று. இதுதான் அதற்குப் பிடித்த வீடு. அந்த ஈரப்பத எண்ணைப் படித்ததும் டெல்டாக்காரருக்குச் சிக்கல் எங்கே என்று புரிந்துவிடும். இங்கே சாதாரண நாளிலேயே 60, 70 சதவீதம் ஓடுகிறது.

இன்னொன்று ஆப்பிரிக்கத் தடிவால் கெக்கோ. பார்க்க சிறுத்தைப் பல்லிக்குத் தங்கை போல இருக்கும், அளவும் அதேதான், அதுவும் கண்ணாடியில் ஏறாது. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஈரப்பதம் 50 முதல் 70 வரை இருந்தால் அதற்குச் சௌகரியம். நம் தட்பவெப்பத்துக்கு இரண்டில் இதுவே கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

படத்தில் பார்த்து மயங்கிப் பலர் கேட்பது கிரெஸ்டட் கெக்கோ. நியூ கலிடோனியாத் தீவுக்காரன். அழிந்துபோனதாக நினைத்திருந்த இனம், 1994-ல் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதற்கு 22 முதல் 26 டிகிரி வேண்டும். 28-ஐத் தாண்டி நாள்கணக்கில் போனால் தளர்ந்துவிடும், செத்தும் போகும். இரவு பகலாக ஏ.சி. ஓடாத டெல்டா வீட்டில் அதற்கு ஏற்ற பெட்டி என்று ஒன்று கிடையாது. ஏ.சி. இருந்தாலும் சித்திரை வைகாசியில் நான்கு மணி நேரம் மின்சாரம் போனால் என்ன செய்வது? அதை வாங்காதீர்கள். தாடி டிராகன் 45, 60 சென்டிமீட்டருக்கு வளரும் பெரிய பல்லி. அதற்கு நாலடிக்கு இரண்டடிப் பெட்டி வேண்டும். அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலியில் ஓடும் ஓணான், பச்சோந்தி, உடும்பு எதையும் பிடித்து வந்து பெட்டியில் போடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. 2022-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, வெளிநாட்டு விலங்குகளில் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு உள்ளவற்றை நான்காம் அட்டவணையில் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட உயிர் வீட்டில் இருந்தால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சிறுத்தைப் பல்லியின் நெருங்கிய சொந்தங்கள் இந்தியாவிலேயே காட்டில் இருக்கின்றன. காட்டில் பிடித்ததை வளர்ப்புக் குட்டி என்று தள்ளிவிடுபவரிடம் சிக்கினால் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள், அந்த உயிரும் பாவம். வாங்கப்போகும் இனத்தின் பெயரைச் சொல்லி வனத்துறை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பில், பிறந்த விவரம் எல்லாம் எழுத்தில் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். தரையில் திரியும் இந்த இரண்டு கெக்கோவுக்கும் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் போதும். இரண்டரை அடிக்கு ஓரடி என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. குட்டிக்கு அது போதும், வளர்ந்த பல்லிக்கு நெருக்கம். நீளத்தைக் குறைத்தால் சூடான பக்கம், குளிர்ந்த பக்கம் என்ற வித்தியாசமே இருக்காது, முழுப் பெட்டியும் ஒரே சூடாகிவிடும். இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் போடவே கூடாது. ஒரு பெட்டிக்கு ஒரு பல்லி.

என் முதல் பெட்டி ப்ளைவுட். 2015-ல் செய்தது. அப்போது நானும் வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, சூடு நிற்க வேண்டும் என்று ஆசாரியிடம் சொல்லி இறுக்கமாகச் செய்ய வைத்தேன். பின்பக்கம் இரண்டு சின்ன ஓட்டை, முன்னால் கண்ணாடிக் கதவு, அவ்வளவுதான். ஆனி, ஆடியில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்த வருஷம் நவம்பர் மழை எப்படிப் பெய்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். பத்து நாளில் அடிப்பலகை உப்பி, ஓரத்து ஒட்டு விட்டுப்போனது. மூலையில் வெள்ளையாகப் பூஞ்சை. அதற்குள் என் பல்லி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது, மூக்கு நுனியில் குமிழி குமிழியாக வந்தது. நுரையீரலில் சளி. மருத்துவர் கொடுத்த மருந்தில் மூன்று வாரத்தில் தேறியது. அந்த மூன்று வாரமும் அது ஈரத் துணியைப் போலத் துவண்டு கிடந்ததை நான் மறக்க மாட்டேன். பெட்டிக்குள் 85 சதவீத ஈரப்பதத்தில் அடைத்து வைத்தது நான்தான்.

ப்ளைவுட்டே கூடாது என்று சொல்லவில்லை. ஐ.எஸ். 710 என்று முத்திரை போட்ட மரைன் ப்ளைவுட் இருக்கிறது, அது தண்ணீர் தாங்கும். வெட்டிய ஓரத்தை எல்லாம் பூசி மூடி, உள்பக்கம் முழுக்க வார்னிஷ் அடித்து, அந்த வாடை சுத்தமாகப் போக இரண்டு மூன்று வாரம் வெயிலில் காய வைத்தால் நன்றாகவே உழைக்கும். ஆனால் அத்தனை செலவும் செய்த பிறகு கையில் இருப்பது கனமான, கரையானுக்குப் பயந்து தரையை விட்டுத் தூக்கி வைக்க வேண்டிய, சூட்டைப் பிடித்து வைக்கும் பெட்டி. நமக்குத் தேவையில்லாத குணத்துக்குக் காசு கொடுக்கிறோம். பழைய வீட்டுத் தேக்குப் பலகை கையில் இருந்து, ஆசாரியும் பழக்கமானவராக இருந்தால் வேறு விஷயம். அப்போதும் இரண்டு பக்கச் சுவரிலும் பெரிய வலை ஜன்னல் கேளுங்கள்.

அடுத்தது மீன்தொட்டி. கும்பகோணமோ பட்டுக்கோட்டையோ, எந்த ஊரிலும் மீன்தொட்டிக் கடை ஒன்று இருக்கும். சொன்ன அளவில் இரண்டு நாளில் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். பல்லி ஏறி ஓடாது, ஈரத்தில் உப்பாது, கழுவித் துடைப்பது சுலபம், நாலு பக்கமும் தெரியும். டெல்டாவைப் பொறுத்தவரை வெளிநாட்டுக்காரர் சொல்லும் பெரிய குறையான 'சூடு நிற்காது' என்பதே இதன் நல்ல குணம். மேல்மூடி முழுக்க எஸ்.எஸ். வலையாக, அதாவது துருப்பிடிக்காத எஃகு வலையாகச் செய்து போட்டால் சூடு மேலே ஏறிப் போய்விடும்.

கஷ்டம் அடியில்தான். தொட்டி ஆழமாக இருப்பதால் கீழே ஈரக்காற்று அசையாமல் தேங்கும். மேலே மட்டும் திறப்பு இருந்தால் காற்று சுற்றாது. கீழே ஒரு வழியும் மேலே ஒரு வழியும் இருந்தால்தான் சூடான காற்று மேலே போகப் போக கீழேயிருந்து புதுக்காற்று இழுக்கும், அடுப்புப் புகைபோக்கியைப் போல. இதற்கு ஒரு வழி உண்டு. தண்ணீர் நிரப்பப் போவதில்லை என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அகலப் பக்கச் சுவர் ஒன்றில், கீழே மூன்று அங்குலம் கண்ணாடி, அதன்மேல் நாலு அங்குலம் வலை, அதற்கு மேல் மீண்டும் கண்ணாடி என்று ஒட்டித் தரச் சொல்லுங்கள். முதலில் ஒரு மாதிரி பார்ப்பார், படம் வரைந்து காட்டினால் செய்துவிடுவார். வலையின் அறுத்த விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, மூக்கையும் நகத்தையும் கிழித்துவிடும். பூஞ்சை மருந்து கலக்காத, மீன்தொட்டிக்கான சிலிக்கானைத்தான் பயன்படுத்த வேண்டும். புளித்த வாடை முழுக்கப் போகும்வரை பல்லியை விடாதீர்கள்.

மீன்தொட்டிக்காரர்கள் வழக்கமாக அடியில் தெர்மகோல் வைத்துத் தருவார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு அது சரி. நாம் அடியில் ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பு ஒட்டினால் அந்தத் தெர்மகோல் சூட்டை முழுக்க மேலே தள்ளும், கண்ணாடி விரிசல் விடும். நான்கு மூலையிலும் ரப்பர்க் கால் வைத்து இடைவெளி விட வேண்டும். எடையும் பார்க்க வேண்டும். 5 மில்லிமீட்டர் கண்ணாடியில் நான் சொன்ன அளவுக்குத் தொட்டி மட்டுமே ஏறத்தாழ 20 கிலோ வரும். ஒருவராகத் தூக்கி நகர்த்த முடியாது. இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்று பின்னால் வருகிறது.

இன்னொரு குறையையும் விட்டுவிடக் கூடாது. மேலேயிருந்து கை விட்டால் பல்லி பதறும். காட்டில் அதைத் தூக்கிப்போகும் பருந்தும் ஆந்தையும் மேலிருந்துதான் வரும். அது அதன் ரத்தத்திலேயே இருக்கும் பயம். முன்பக்கமாகத் திறக்கும் பெட்டியில் வளர்ந்த பல்லி கைக்குச் சீக்கிரம் பழகுவதை நானே பார்த்திருக்கிறேன்.

முன்கதவு வைத்த கண்ணாடி டெரேரியம் இறக்குமதியில் கிடைக்கிறது. மேலே வலை, கதவுக்குக் கீழே காற்றுத் துளை, எல்லாம் யோசித்துச் செய்தது. குறை சொல்ல முடியாத பொருள். ஆனால் நல்ல அளவுப் பெட்டிக்குக் கொடுக்கும் விலைக்கு இங்கே இரண்டு மூன்று பெட்டி செய்துவிடலாம், லாரியில் வரும் வழியில் உடைந்தால் தலைவலி வேறு. காசு ஒரு பொருட்டில்லை என்றால் வாங்குங்கள்.

நான் இப்போது ஐந்தாறு வருஷமாக நம்புவது பி.வி.சி. போர்டுப் பெட்டி. சமையலறை அலமாரிக்குப் போடுகிறார்களே, அதே வெள்ளைப் பலகைதான். திருவாரூர், தஞ்சாவூர் என்று எங்கே பார்த்தாலும் இந்த வேலை செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் ஊறாது, கரையான் தொடாது, ப்ளைவுட்டைவிடக் கனமும் குறைவு. முன்னால் அலமாரிக்குப் போடும் அதே தடத்தில் இரண்டு நகரும் கண்ணாடி. அளவைச் சொன்னால் ஒரு நாளில் முடித்துவிடுவார்கள்.

பி.வி.சி.யும் மரத்தைப் போலச் சூட்டைப் பிடித்து வைக்கும் பொருள்தானே என்று கேட்டால், ஆமாம். அதனால் இந்தப் பெட்டியின் உயிர் முழுக்க அதன் ஜன்னலில் இருக்கிறது. குளிர்ந்த பக்கச் சுவரில் தரையிலிருந்து நாலு அங்குலம் விட்டு ஓரடி நீளத்துக்கு ஒரு வலை ஜன்னல். சூடான பக்கத்தில் கூரையை ஒட்டி அதைவிடப் பெரிய ஒரு வலை ஜன்னல். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம், ஒன்று கீழே, ஒன்று மேலே. காற்று குறுக்காக ஓடி வெளியே போகும். ஆசாரிகள் அலமாரிப் பழக்கத்தில் ஜன்னலைச் சின்னதாக வெட்டிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கொசுவலைக்கு அடிக்கும் நைலான் வலை வேண்டாம், இரையாகப் போடும் வெட்டுக்கிளியும் கிரிக்கெட் பூச்சியும் கடித்துத் துளை போட்டுவிடும். எஸ்.எஸ். வலையே வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 60 டிகிரியைத் தாண்டினால் இந்தப் பலகை வளையத் தொடங்கும். கூரையில் ஹாலஜன் பல்பை ஒட்டி மாட்டக் கூடாது. நம் ஊரில் அதற்கு அவசியமும் இல்லை, ஒரு சின்ன ஹீட் மேட்டும், சூடு அளவை மீறாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டும் வருஷத்தில் பாதி நாளைக்குக்கூடத் தேவைப்படாது. தெர்மோஸ்டாட் இல்லாமல் மட்டும் ஹீட் மேட்டைச் செருகாதீர்கள். வயிற்றுப் பக்கம் வெந்துபோன பல்லியை ஒருமுறை பார்த்தவர் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பிளாஸ்டிக் டப்பா, அதாவது கிளிப் போட்ட பெரிய சாமான் பெட்டி. சிலர் இதைக் கேவலமாகப் பார்ப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சால்டரிங் அயர்னால் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளை போட்டால் (மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள், புகை கெடுதல்) பல்லிக்கு அடக்கமான, பயமில்லாத இடம் கிடைக்கும். புதிதாக வந்த பல்லியை முதல் இரண்டு மாதம் தனியே வைத்து, சாப்பிடுகிறதா, கழிவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்லது இல்லை. காகிதம் விரித்துத் தினமும் மாற்றிவிடலாம். ஆனால் நிரந்தர வீடாக இது சின்னது, காற்றும் குறைவு, உள்ளே நடப்பது தெரியாது. 15 வருஷம் வாழப்போகிற உயிருக்கு அது போதாது.

இந்த டப்பாவை அப்புறமும் தூக்கிப் போடாதீர்கள். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது நான் திருத்துறைப்பூண்டியில் இருந்தேன். ஓட்டுக்கூரை பறந்து கூடத்துக்குள் தண்ணீர் வந்தது. 20 கிலோக் கண்ணாடித் தொட்டியை இருட்டில் எங்கே தூக்கிப் போவது? பல்லியை டப்பாவில் விட்டுத் துணி போட்டு மூடி, அடுத்த தெருவில் மாடி வீட்டுக்குக் கொண்டுபோனோம். பல நாள் மின்சாரம் வரவில்லை. சூடு இல்லாமல் இரை செரிக்காது என்பதால் அத்தனை நாளும் தண்ணீர் மட்டும் வைத்தேன். நம் ஊர்க் கார்த்திகை இரவு 22, 23 டிகிரிக்குக் கீழே அதிகம் போகாததால் அது தாங்கிக்கொண்டது. நல்ல உடம்போடு இருக்கும் கெக்கோ வாலில் சேர்த்த கொழுப்பை வைத்து ஒன்றிரண்டு வாரம் சமாளிக்கும். மழைக்காலத்துக்கு முன் துளை போட்ட டப்பா ஒன்று பரணில் தயாராக இருக்கட்டும்.

நாலு பக்கமும் வலை அடித்த கூண்டு காற்றோட்டத்துக்கு முதல் பரிசு வாங்கும். ஆனால் தரையில் திரியும் கெக்கோவுக்கு ஒத்துவராது. வலையில் தொற்றி ஏறி, விரல் மாட்டிக்கொண்டு, நகம் பிய்ந்து விழும். மழைக்காலச் சாரலும் ஊதல் காற்றும் நேரே படும். எறும்புக்கு நாலு பக்கமும் வாசல். இதை விட்டுவிடலாம்.

மழை மாதத்துக்கு ஒரு சூட்சுமம் சொல்கிறேன், எனக்கு இது புரிய நாளானது. அடைமழை நாளில் அறை 26 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்று ஹீட் மேட்டின் மேல் 32 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 60-க்கு இறங்கிவிடும். சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும் என்பதால் வரும் வித்தியாசம் அது. ஆக, கார்த்திகையில் ஹீட் மேட் போடுவது குளிருக்காக மட்டும் இல்லை, உலர்த்துவதற்காகவும்தான். இது வேலை செய்ய இரண்டு நிபந்தனை. பெட்டியில் பெரிய ஜன்னல் இருக்க வேண்டும். உள்ளே தேவைக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது. தண்ணீர்க் கிண்ணம் அகல் விளக்கு அளவுக்குச் சின்னதாக, குளிர்ந்த பக்கத்தில் இருக்கட்டும். 2015-ல் என் பெட்டியில் ஹீட் மேட் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஈரம் வெளியேற வழிதான் இல்லை.

கத்திரி வெயிலில் இதைத் திருப்பிப் போட வேண்டும். ஹீட் மேட்டை நிறுத்திவிடுங்கள். அறையே 34 என்றால் நம் வேலை குளிர்ந்த பக்கத்தைக் காப்பது. அந்தப் பக்கத்துத் தரையில் ஒரு கடப்பாக் கல் துண்டு போடுங்கள். இரவில் ஆறி, பகல் முழுக்கக் குளிர்ச்சியாக இருக்கும், பல்லி அதன்மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். பிற்பகலில் ஐஸ் வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே, சுவரை ஒட்டி வைக்கலாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையும் மேற்கு பார்த்த ஜன்னல் ஓரமும் வேண்டவே வேண்டாம். கண்ணாடிப் பெட்டியில் நேர் வெயில் பட்டால் கால் மணி நேரத்தில் உள்ளே அடுப்பாகிவிடும். 'கொஞ்சம் சூரிய ஒளி படட்டும்' என்று ஜன்னலில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். உடம்புக்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும், உள்ளே வருவது சூடு மட்டும்தான்.

எறும்பு. எந்தப் பெட்டி வாங்கினாலும் டெல்டாவில் இந்தத் தொல்லை உண்டு, மழைக்கு முன்னால் சாரை சாரையாக வரும். தோலுரித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும் குட்டியைச் சிற்றெறும்பு மொய்த்தால் அது பிழைப்பது கஷ்டம். பாட்டி காலத்துச் சமையலறை அலமாரிக்குக் கால் நாலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பார்களே, அதே வைத்தியம்தான். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் ஹீட் மேட் ஒயர். மேசைக்கு அகழி வெட்டிவிட்டு ஒயர் வழியாகப் பாலம் போட்டுக் கொடுக்கிறோம். ஒயரில் ஒரு சாண் நீளத்துக்கு வாசலின் தடவினால் நிற்கும். எறும்புச் சாக்பீஸ், கொசுவத்தி, திரவக் கொசுவிரட்டி, பினாயில், அந்துருண்டை எதுவும் அந்த அறையிலேயே வேண்டாம். வலை பெரிதாக இருக்கும் நம் மாதிரிப் பெட்டிக்குள் அந்தப் புகை நேரே போகும். கொசுவுக்கு அறை ஜன்னலில் வலை அடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போடுவதற்குக் கடைக்கு அலைய வேண்டியதில்லை. மறைவிடத்துக்குக் குயவரிடம் வாங்கிய மண்சட்டியை வாய்ப்பக்கம் கொஞ்சம் உடைத்து, விளிம்பைத் தேய்த்துக் கவிழ்த்தால் போதும். மூன்று வேண்டும்: சூட்டில் ஒன்று, குளிர்ச்சியில் ஒன்று, நடுவில் ஈரத்துக்கு ஒன்று. ஈரச்சட்டிக்குள் தென்னை நார்த்தூள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மலையாகக் குவிந்து கிடக்கும். அதில் உப்பு இருக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசிப் பிழிந்து காயவைத்துப் பயன்படுத்துங்கள். ஆற்று மணல் அள்ளிப் போடாதீர்கள், குட்டி இரையோடு சேர்த்து விழுங்கிவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் துண்டு நல்லது, துடைப்பதும் சுலபம். வயலில் வெட்டுக்கிளி பிடித்துப் போடலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறுவை, சம்பா எதுவானாலும் மருந்து அடித்த வயல் அது.

மருத்துவர் விஷயத்தையும் பெட்டி வாங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் எத்தனை மணி நேரம், ஊர்வன பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்தால் அவசரத்துக்கு உதவும்.

அக்கா மகனிடம் இவ்வளவையும் சொன்னேன். முன்பக்கம் திறக்க வேண்டும், தனியாகவே தூக்க முடிய வேண்டும் என்று அவன் பி.வி.சி. பெட்டிக்கு வந்தான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, எல்லோரும் நாலு பக்கமும் பார்க்க வேண்டும் என்றால் பக்கவலை வைத்த மீன்தொட்டியை எடு என்றும் சொல்லியிருந்தேன். அது இரண்டாம் இடம், ஆனால் அதிகத் தூரத்தில் இல்லை. தடிவால் கெக்கோவா சிறுத்தைப் பல்லியா என்பதில் கொஞ்சம் இழுத்தான், கடைசியில் தடிவால் என்று முடிவு செய்து வனத்துறை அலுவலகத்திலும் போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

பெட்டி வந்து பத்து நாளாகிறது. பல்லி இல்லாமல் வெறும் பெட்டியையே ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்கமும் தெர்மாமீட்டர், நடுவில் ஈரப்பதமானி வைத்து, காலை, பிற்பகல், இரவு மூன்று வேளையும் நோட்டில் எழுதி வருகிறான். இன்று காலை படம் அனுப்பினான். சூடான பக்கம் 32, குளிர்ந்த பக்கம் 27, ஈரப்பதம் 64. மேல் ஜன்னலை இன்னும் இரண்டு அங்குலம் நீட்டி வெட்டச் சொல்லியிருக்கிறேன், ஐப்பசிக்குள் அந்த வேலை முடிந்துவிட வேண்டும்.